நித்திரை என்று எழுதப்பட்ட ஒரு மணித்தியாலம்: வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் எபிடியூரல் மோர்ஃபின் கொடுத்த ஒரு நிகழ்வு

வன்னியில் உள்ள பொது மருத்துவமனை ஒன்றில் மயக்கமருந்துப் பிரிவில் வேலை செய்தபோது நான் பார்த்த ஓர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் சம்மதம் தந்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இது நல்லபடியாக முடிந்த நிகழ்வுதான். ஆனாலும் இடையில் ஒரு மணித்தியாலம் நாங்கள் அவரைத் தவறவிடப் பார்த்தோம். அதற்காகவே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நோயாளி

வயது 56, நிறை 52 கிலோ. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். 2009 மார்ச்சில், போரின்போது, புதுமாத்தளனில் செல் (எறிகணை) பட்டு, பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய தற்காலிக மருத்துவமனையில் அவருடைய வயிறு திறக்கப்பட்டது. சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். பிறகு செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோகப்பட்டார். தழும்பு ஆறியது, ஆனால் காலப்போக்கில் அதன் நடுப்பகுதி பலமிழந்து குடல் வெளியே தள்ளத் தொடங்கியது. உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் இருந்தன. கடைசி இரண்டு வருடத்தில் மூன்று தடவை வயிறு ஊதி, வாந்தியோடு வந்து படுத்தார். மூன்று தடவையும் மூக்கால் குழாய் விட்டு, சேலைன் ஏற்றிச் சமாளித்தோம். நான்காவது தடவை வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானித்தார். அரிவி வெட்டு முடிந்த கையோடு வந்து நிற்கிறேன் என்று அம்மா சொன்னார். சொன்னபடி மார்ச்சில் வந்தார்.

பிறஷருக்கு ஒரு குளிசை எடுக்கிறார். சலரோகம் இல்லை. விறகடுப்புப் புகையில் நாற்பது வருடம் சமைத்தவர், மழைக்காலத்தில் முட்டு வரும். நெஞ்சைக் கேட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் இலேசான விசில் சத்தம்.

எங்கள் கவலை இந்த நெஞ்சைப் பற்றியதுதான். நெஞ்செலும்பின் கீழிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை பழைய தழும்பைத் திறக்கப் போகிறோம். அப்படி வெட்டிய ஒருவர் நோவுக்குப் பயந்து ஆழமாக மூச்சு எடுக்கமாட்டார், இருமமாட்டார். சளி கீழே தங்கும், மூன்றாம் நாள் நியூமோனியா வரும். நாளம் வழியாக மோர்ஃபினைக் கூட்டிக் கொடுத்தால் நோவு அடங்கும், ஆனால் ஆள் சோர்ந்து கிடப்பார், இருமலும் அடங்கிவிடும். நோயாளி தானே பொத்தானை அழுத்தி மருந்து எடுக்கும் பம்ப் எங்களிடம் இல்லை. ஆகவே எபிடியூரல்: முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாண் என்ற நரம்புத்தண்டின் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதன் வழியாக மருந்து கொடுப்பது.

முதுகில் இருந்த இரும்பு

எக்ஸ்றேயில் மூன்று உலோகத் துண்டுகள் தெரிந்தன. ஒன்று வயிற்றுச் சுவரில், ஒன்று இடது பிட்டத்தில், மூன்றாவது இடுப்பு முள்ளந்தண்டின் 3ஆம் எலும்புக்கு இடப்பக்கத்தில். “பீஸ் இருக்கு, அது ஒண்டும் செய்யாது” என்று அவரே சொன்னார். இந்தப் பக்கத்தில் இப்படி உடம்பில் இரும்போடு நடமாடுகிறவர்கள் பலர். முதுகில் ஊசி போட வேண்டி வரும்போது அந்த இரும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

சீ.டி. ஸ்கேன் எடுத்தோம். துண்டு தசைக்குள் இருந்தது, முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நாங்கள் ஊசி போட நினைத்த இடம் அதற்கு வெகு மேலே, நெஞ்சு முள்ளந்தண்டின் 8ஆம் 9ஆம் எலும்புகளுக்கு இடையில். அங்கே தழும்பும் இல்லை, தொற்றும் இல்லை. இரத்தம் உறையும் பரிசோதனைகள் சரி, குருதிச் சிறுதட்டு 2,40,000.

முதல் நாள் மாலை இரண்டு காலையும் முழுதாகச் சோதித்தேன். இடது தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போன ஓர் இடம் இருந்தது. அது 2009இலிருந்தே இருப்பதாகச் சொன்னார். படம் வரைந்து குறிப்பில் சேர்த்தேன். அன்று அதைப் பார்க்காமல் விட்டிருந்தால், மூன்றாம் நாள் யாராவது அந்த மரப்பைக் கண்டுபிடித்து எபிடியூரலால் வந்தது என்று பதறியிருப்போம். இன்னுமொன்று: எபிடியூரல் இடத்தில் இரத்தம் கட்டினால் அதைப் பார்க்கச் சிறந்தது எம்.ஆர்.ஐ. உடம்பில் எந்த உலோகம் என்று தெரியாத துண்டுகள் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் ஆளை அனுப்புவது ஆபத்து. சீ.டி.யைத்தான் நம்ப வேண்டும். இரத்தக்கட்டை அகற்றக்கூடிய நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவும் எங்கள் மருத்துவமனையில் இல்லை. இரத்தம் கட்டி முண்ணாணை அழுத்தினால் ஏறக்குறைய 8 மணித்தியாலத்துக்குள் அதை எடுக்க வேண்டும், பிந்தினால் கால் திரும்புவது கடினம். அதில் அம்புலன்ஸ் பயணமும் அடக்கம். இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் முடிவுசெய்தோம்.

“முதுகில ஊசி போட்டா பிறகு சாகுமட்டும் இடுப்பு நோகும் எண்டு சொல்லுகினம், பிள்ளை” என்றார் அம்மா. இந்தப் பேச்சு எல்லா வாட்டிலும் இருக்கிறது. ஊசி போன இடத்தில் சில நாள் நோகலாம், வருடக்கணக்கான இடுப்பு நோவுக்கு இது காரணமாகாது என்று சொன்னேன். அரிதாக நடக்கக்கூடிய பெரிய ஆபத்துகளையும் மறைக்காமல் சொன்னேன். மகளோடு கதைத்துவிட்டு ஓம் என்றார்.

சத்திரசிகிச்சை நாள்

விழித்திருக்கும்போதே, உட்காரவைத்து எபிடியூரல் குழாயைப் போட்டேன். தோலிலிருந்து 5 சென்ரிமீற்றரில் இடைவெளி கிடைத்தது, குழாயை 4 சென்ரிமீற்றர் உள்ளே விட்டு 9இல் ஒட்டினேன். பரீட்சை மருந்தாக 2 சதவீத லிக்னோகெய்ன் 3 மில்லிலீற்றர், அதில் 15 மைக்ரோகிராம் அட்ரினலின். நாடித்துடிப்பு ஏறவில்லை, காலும் கனக்கவில்லை. குழாய் நாளத்துக்குள்ளும் இல்லை, முண்ணாணைச் சுற்றியுள்ள திரவத்துக்குள்ளும் இல்லை. பிறகு முழு மயக்கம்.

ஒட்டுகளைப் பிரிக்க நேரம் எடுத்தது. பகல் 1 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிந்தது. இடையில், நரம்பை மரக்கச்செய்யும் புபிவகெய்ன் மருந்தை 0.25 சதவீதத்தில் 6 மில்லிலீற்றர் வீதம் இரண்டு தடவை கொடுத்தேன். இரத்த அழுத்தம் ஒருமுறை 88க்கு இறங்கி, மருந்தோடு ஏறியது. 3 மணிக்கு எபிடியூரல் குழாய் வழியாக மோர்ஃபின் 3 மில்லிகிராம். பாதுகாப்பு இரசாயனம் சேராத குப்பிதானா என்று இரண்டு பேர் வாசித்துப் பார்த்து, ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் வருமாறு சேலைனில் கலந்து கொடுத்தோம்.

ஏன் மோர்ஃபின், ஏன் ஃபென்டனில் இல்லை என்று கேட்கலாம். ஃபென்டனில் கொழுப்பில் கரைவது. போட்ட சில நிமிடத்தில் வேலைசெய்யும், போட்ட இடத்துக்கு அருகிலேயே நிற்கும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போய்விடும். அதைத் தொடர்ந்து கொடுக்கப் பம்ப் வேண்டும். அன்று எங்களிடம் மிஞ்சியிருந்த சிறிஞ்ச் பம்ப் ஒன்றே ஒன்று, அதில் புபிவகெய்ன் ஓட வேண்டும். மோர்ஃபின் தண்ணீரில் கரைவது. வேலைசெய்யத் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் ஒரு தடவை கொடுத்தால் 12 முதல் 24 மணித்தியாலம் நிற்கும். பம்ப் குறைந்த ஊரில் இது பெரிய வரம்.

அதன் விலையும் அதே குணத்தில்தான் இருக்கிறது. கொழுப்பில் கரையாததால் மோர்ஃபின் முண்ணாணைச் சுற்றியுள்ள திரவத்திலேயே தங்கி, அந்தத் திரவத்தோடு மெல்ல மெல்ல மேலே போகும். பல மணித்தியாலம் கழித்து மூளைத்தண்டில் உள்ள சுவாச மையத்தை அடையும். ஓபியொயிட், அதாவது மோர்ஃபின் வகை மருந்து, முண்ணாணிலேயே நோவை அடக்குகிறது என்பதை 1976இல் யாக்ஷ், ரூடி என்ற ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். 1979இல் எருசலேமில் பெஹார் குழுவினர் மனிதருக்கு எபிடியூரல் மோர்ஃபின் கொடுத்து அறிக்கை எழுதினார்கள். பிந்தி வரும் மூச்சடக்கம் அதன்பின் விரைவிலேயே வெளியே வந்தது. கொடுத்து 6 மணித்தியாலத்திலிருந்து 12 மணித்தியாலம்வரை கூடிய ஆபத்து, 24 மணித்தியாலம்வரை கண் வைத்திருக்க வேண்டும். அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் சங்கத்தின் வழிகாட்டல், முதல் 12 மணித்தியாலம் மணிக்கொரு தடவையும் அடுத்த 12 மணித்தியாலம் இரண்டு மணிக்கொரு தடவையும் பார்க்கச் சொல்கிறது. நாங்களும் அப்படியே எழுதினோம்.

பின்நேரம்: நோவில்லை என்று சொன்னவர்

5 மணிக்கு வாட்டுக்குப் போனேன். புபிவகெய்ன் 0.1 சதவீதம் மணிக்கு 5 மில்லிலீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் படுத்திருந்தார். 0இலிருந்து 10வரை நோவுக்கு எத்தனை என்று தாதி கேட்டு 2 என்று எழுதியிருந்தார். “நோகுதா அம்மா?” “இல்லை பிள்ளை. சும்மா கிடக்கேக்க ஒண்டுமில்லை.”

இருமச் சொன்னேன். வலக்கை வயிற்றைப் பொத்தியது, இடக்கை கட்டில் கம்பியைப் பிடித்தது, தொண்டையில் மட்டும் ஒரு செருமல். ஐஸ் வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் குளிர் தெரியவில்லை, இடப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. மருந்து ஒரு பக்கமாகப் போயிருக்கிறது. குழாயை ஒரு சென்ரிமீற்றர் வெளியே இழுத்து, 5 மில்லிலீற்றர் கூடுதலாகக் கொடுத்து, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தோம். 20 நிமிடம் கழித்து ஆழமாக இருமினார். பிறகுதான் சொன்னார்: “மாத்தளனில நோவுக்கு ஒண்டும் இருக்கேல்லை. அதோட பார்த்தா இது என்ன?”

அவருடைய 10 அங்கே இருக்கிறது. அதை வைத்து அளந்தால் வயிற்றைத் திறந்த அன்றைய நோவு 2தான். அந்த எண்ணை எழுதிவிட்டு நான் திரும்பிப் போயிருந்தால் இரவெல்லாம் இருமாமல் கிடந்திருப்பார். வன்னியில் வேலைசெய்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். இருமச் சொல்லுங்கள், திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள், அவருடைய கையைப் பாருங்கள்.

இரவு

8.30க்கு மூக்கும் முகமும் கடிக்கிறது (அரிக்கிறது) என்றார். எபிடியூரல் மோர்ஃபினுக்கு இது வழமையானது. 9 மணிக்கு, கடமையில் இருந்த இளம் டொக்டர் தொலைபேசியில் சொல்லி, ஒவ்வாமைக் கடிக்குப் போடும் குளோர்பெனிரமின் 10 மில்லிகிராம் நாளத்தில் கொடுக்கப்பட்டது. கடி என்றால் அந்த ஊசி என்பது எங்கள் எல்லோர் கையிலும் ஊறிய பழக்கம்.

10 மணிக் கட்டத்தில் மூச்சு 16 என்றும் ஒட்சிசன் அளவு 98 என்றும் எழுதப்பட்டிருந்தது. மயக்க நிலைக் கட்டத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து. இயல்பான நித்திரை, கூப்பிட்டால் எழும்புவார் என்பது அதன் பொருள். ஆனால் அன்று யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மகள் கையெடுத்துக் கேட்டிருக்கிறார்: “மிஸ், அம்மா இப்பிடி நித்திரை கொண்டு எவ்வளவு காலம். எழுப்பாதேங்கோ.”

அந்த மகள் பொய் சொல்லவில்லை. அந்த அம்மா பல வருடமாக இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியதில்லையாம். அப்படி ஒருவர் அசந்து தூங்குவதைப் பார்த்த மகளுக்கு அது கடவுள் தந்தது போல் இருந்திருக்கும். அந்த வேண்டுகோளை எந்தத் தாதியால் மறுக்க முடியும்? ஒருவர் முழு வாட்டையும் பார்க்கிற இரவு அது.

11 மணிக்குக் கடமை மாறியது. புதிதாக வந்தவர் பல வருட அனுபவம் உள்ள தாதி. 11.30க்குக் கட்டிலருகே போனவர் குறட்டை விட்டு விட்டு வருவதைக் கவனித்தார். மகள் மறுபடி தடுத்தார். “பரவாயில்லை பிள்ளை, ஒருக்கா எழுப்பிப்போட்டு விடுறன்” என்று சொல்லித் தோளில் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண் திறக்கவில்லை. பலமாக உலுப்பியபோது ஒரு முனகல். மணிக்கூட்டைப் பார்த்து முழு நிமிடம் மூச்சை எண்ணினார்: 7. ஒட்சிசன் அளவோ 97.

மூக்கில் ஒட்சிசன் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டும் கருவி இப்படித்தான் ஏமாற்றும். மூச்சு குறைந்து காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகும், அந்த எண் மட்டும் நல்ல பிள்ளை போல் நிற்கும். அலாரம் அடிக்கும்போது நேரம் போயிருக்கும். அந்தத் தாதி எண்ணை நம்பியிருந்தால் நான் இப்போது வேறு அறிக்கை எழுதிக்கொண்டிருப்பேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தாடையை உயர்த்திப் பிடித்து, முகமூடியில் ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்மணிகள் ஊசிமுனை போல். நாடிக் குருதியில் அமிலநிலை 7.25, காபனீரொட்சைட்டு 66. மோர்ஃபினை முறிக்கும் மருந்தான நலொக்சோன் 0.4 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் சேலைனில் கலந்து, ஒவ்வொரு மில்லிலீற்றராக, அதாவது 40 மைக்ரோகிராமாக, இரண்டு நிமிட இடைவெளியில் கொடுத்தோம். மூன்றாவதோடு கண்ணைத் திறந்தார். மூச்சு 14. முழுக் குப்பியையும் ஒரேயடியாக ஏற்றியிருந்தால் நோவு முழுதும் திரும்பிவந்து, இரத்த அழுத்தமும் பாய்ந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததால் மூச்சு திரும்பியது, வயிறு நோகவில்லை. கடியும் நின்றுவிட்டது.

நலொக்சோன் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே வலுவிழந்துவிடும், மோர்ஃபின் விடியும்வரை இருக்கும். ஆகவே பலித்த அளவில் மூன்றில் இரண்டு பங்கை, மணிக்கு 80 மைக்ரோகிராமாகக் காலை 9 மணிவரை ஓடவிட்டோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். 2 மணிக்குக் காபனீரொட்சைட்டு 48.

மகள் வெளியே அழுதுகொண்டு நின்றார், தன்னால்தான் என்று. அவர்களுக்குத் தெரிந்த குளத்தை வைத்தே சொன்னேன். “காலமை துருசு திறந்தா உங்கட வயலுக்கு எப்ப தண்ணி வரும்?” “கடைசி வாய்க்கால், டொக்டர். இருட்டினாப் பிறகுதான்.” “மருந்தும் அப்பிடித்தான். 3 மணிக்கு முதுகில திறந்தது, இரவுதான் தலைக்குப் போய்ச் சேர்ந்தது.” இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று அவர் எங்களோடு சேர்ந்து காவல் இருந்திருப்பார்.

ஏன் நடந்தது

3 மில்லிகிராம் அளவுக்கு மிஞ்சிய மருந்து அல்ல. வயது, சிறிய உடம்பு, புகை தின்ற நெஞ்சு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 2 மில்லிகிராம் போதும் என்று இன்று நினைக்கிறேன். ஆனால் பாரத்தைக் கூட்டியது குளோர்பெனிரமின். முண்ணாண் வழியாக வரும் மோர்ஃபின் கடி பெரும்பாலும் ஹிஸ்டமினால் வருவதில்லை. ஹிஸ்டமினை மறிக்கும் ஊசி அதைத் தணிக்காது, நித்திரையை மட்டும் கூட்டும். மோர்ஃபின் மேலே ஏறும் அதே நேரத்தில், 6ஆவது மணித்தியாலத்தில், அந்த நித்திரையும் வந்து சேர்ந்தது. ஊசி எழுதிய இளம் டொக்டருக்கு எபிடியூரல் மோர்ஃபின் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது. மருந்துத் தாளில் நான் அதைத் தியேட்டர் பக்கத்தில் எழுதியிருந்தேன். வாட் பக்கத்தில் எழுதவில்லை, மயக்கம் தரும் வேறு மருந்து எதுவும் வேண்டாம் என்றும் எழுதவில்லை. அது என் பிழை.

10 மணியின் ‘16’ எண்ணப்பட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. அதற்கு முந்திய மூன்று கட்டத்திலும் 16தான்.

மாற்றியவை

தாளின் வாட் பக்கத்தில், மோர்ஃபின் கொடுத்த நேரத்தையும் கண்காணிப்பு முடியும் நேரத்தையும் சிவப்பில் எழுதுகிறோம். மயக்கமருந்துப் பிரிவைக் கேட்காமல் வேறு ஓபியொயிட்டோ மயக்கம் தரும் ஊசியோ இல்லை. கடிக்கு நலொக்சோனைச் சிறு அளவில் கொடுக்கிறோம். முதல் 12 மணித்தியாலத்துக்கு ‘எஸ்’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம், எழுப்பிப் பார்த்து எண் போட வேண்டும். நலொக்சோன் குப்பியும் சிறிஞ்சும் கட்டில் தலைமாட்டிலேயே ஒட்டியிருக்கும். கூட இருக்கும் உறவினருக்குக் குளத்துக் கதையைச் சொல்கிறோம். ஒருவர் தன் தாய்க்கு இரவு முழுதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக அடுத்த நாள் தாதியர் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான்.

தொடர்ந்து

இரண்டாம் நாள் முதல் மோர்ஃபின் இல்லாமல், 0.125 சதவீத புபிவகெய்ன் மணிக்கு 6 மில்லிலீற்றர், கூடவே பரசிற்றமோல். அன்று கதிரையில் இருந்தார், மூன்றாம் நாள் நடந்தார், வயிறும் இறங்கியது. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனொக்சபரின் 40 மில்லிகிராம் குழாயை எடுப்பதற்கு முந்திய நாள் இரவு 8 மணிக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால், 13 மணித்தியாலம் கழித்து, காலை 9 மணிக்குக் குழாயை எடுத்தேன். முனை முழுதாக வந்தது. அடுத்த ஊசி மறுபடி இரவு 8க்கு. அதன்பின் ஒரு நாள் முழுதும் நான்கு மணிக்கொரு தடவை காலைத் தூக்கவைத்துப் பார்த்தோம். இடது தொடையில் பழைய மரப்பு, நான் வரைந்த அதே எல்லைக்குள். நியூமோனியா வரவில்லை. ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார்.

ஆறு கிழமை கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மெல்லக் கேட்டார்: “அண்டைக்கு இரவு தந்த மருந்து குளிசையா இருக்கோ? மாத்தளனுக்குப் பிறகு அண்டைக்குத்தான் கனவில்லாமல் படுத்தனான்.” அந்த மருந்தை அப்படித் தர முடியாது என்று விளக்கினேன். கனவுகளைப் பற்றிக் கேட்டேன். முதலில் பேசவில்லை, பிறகு அரை மணித்தியாலம் பேசினார். மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சிறுபோக விதைப்பு முடிய வருகிறேன் என்றார். ஜூன் முதல் கிழமையில் திகதி போட்டுக் கொடுத்தோம், போயிருக்கிறார்.